ளகரம் காட்டிய வழி

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு அவர்கள் 1952-இல் உருவாக்கிய இரண்டாயிரம் ரூபாய்க் காரைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேனல்லவா? அதைப் படித்துவிட்டுச் சோமனூர் வாசகர் ஒருவர், காலஞ்சென்ற தம் தகப்பனாரின் தகரப் பெட்டியில் கிடந்ததென்று சொல்லி, உள்ளங்கையளவே உள்ள கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றை எனக்கு அனுப்பிவைத்திருக்கிறார். படத்தின் முதுகில் "சின்னக் கார்" என்று பென்சிலால் எழுதிய இரண்டே சொற்கள். தகப்பனார் விசைத்தறி ஃபிட்டராக இருந்தவர். கோயம்புத்தூரைச் சுற்றியே பிழைத்தவர். ஆகவே இது நாயுடுவின் வண்டியாகத்தானே இருக்கவேண்டும் என்பது மகனுடைய அனுமானம். "ஐயா உறுதிப்படுத்தினால் சட்டம் போட்டு மாட்டிவிடுவேன்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

உறுதிப்படுத்திவிடத்தான் எனக்கும் ஆசை. பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே ஒற்றைப் பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கியவர், இருவர் அமரக்கூடிய பெட்ரோல் காரையும் செய்து காட்டி, அதைப் பெருவாரியாக உற்பத்தி செய்ய அரசாங்கத்தின் லைசென்ஸ் கிடைக்காமையால் அம்முயற்சியைக் கைவிட நேர்ந்தது என்ற கதையைக் கேட்டு வளர்ந்த எவனும், பழைய காலத்துச் சிறு கார் ஒன்றின் படத்தைக் கண்டதும் அது நாயுடுவினுடையதாக இருக்கக்கூடாதா என்றுதான் ஏங்குவான். ஆனால் இந்த ஏக்கத்தைப் போல ஒரு சரித்திர ஆராய்ச்சியைக் கெடுக்கக்கூடிய வஸ்து வேறொன்றில்லை என்பதை நானும் பலமுறை அடிபட்டே அறிந்திருக்கிறேன். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

மாதிரி வண்டிகளை இனங்காண்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஆலையிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளிவந்த கார் என்றால் முகத்தைப் பார்த்தே பெயரைச் சொல்லிவிடலாம். ஒன்றோ இரண்டோ செய்யப்பட்டதோடு நின்றுபோன வண்டிக்கு, விளக்கு ஒரு காரிலிருந்தும், கண்ணாடி மற்றொன்றிலிருந்தும், சக்கரம் கிடைத்த இடத்திலிருந்தும் வந்திருக்குமாதலால், அதன் முகத்தைப் பார்த்தால் யார் யாருடைய ஜாடையோதான் தெரியும். எனவே முகத்தை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்தேன். இரண்டு கதவுகள். சக்கரங்கள் ஸ்கூட்டரின் சக்கரங்களைவிடச் சற்றே பெரியவை. முன்புறத்தில் காற்று நுழைவதற்கான கிராதி இல்லை. பின்சக்கரத்துக்கு மேலே, தகட்டை அரிந்துவிட்டாற்போல் வரிசையாகச் சில பிளவுகள். இயந்திரம் முதுகுப் பக்கம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

பிறகுதான் நம்பர் பலகை. அரைக்கால் சட்டையணிந்த ஒரு சிறுவன், படத்தில் தானும் விழவேண்டுமென்ற உற்சாகத்தில் வண்டியின் முன்னே வந்து நின்று, கடைசி இரண்டு இலக்கங்களைத் தன் காலால் மறைத்துவிட்டான். எஞ்சியவை எம், எச், கே என்ற மூன்று எழுத்துகளும், ஒன்று, ஒன்பது என்ற இரண்டு இலக்கங்களும். இப்போதுள்ள பதிவு முறை 1989-இல் வந்தது. அதற்கு முந்திய முறையில் முதலிரண்டு எழுத்துகளே மாகாணத்தைச் சொல்லிவிடும். சென்னை ராஜ்யத்து வண்டியென்றால் எம்.எஸ். என்றோ எம்.டி. என்றோ இருக்கும், மைசூர் என்றால் எம்.வை.; எம்.எச். என்பது மகாராஷ்டிரம். நாயுடுவின் வண்டி என்ற நம்பிக்கை அந்த நிமிஷமே போய்விட்டது.

வண்டிக்குப் பின்னால் ஒரு கடையின் பெயர்ப்பலகை பாதி தெரிந்தது. எழுத்து தேவநாகரி. எனக்குள்ள அரைகுறைப் படிப்பைக் கொண்டு கூட்டிப் பார்க்கையில், எட்டைப் படுக்கவைத்தாற்போன்ற ஓர் எழுத்து தட்டுப்பட்டது. அது நம் ளகரத்துக்கு நிகரானது. இந்தியில் வழங்குவதில்லை, மராத்தியிலோ அடிக்கடி வரும். தமிழனுக்கு அந்நிய லிபியில் ஒரு ளகரத்தைக் கண்டால், பரதேசத்துச் சந்தையில் சொந்த ஊர்க்காரரைக் கண்டாற்போல ஒரு குதூகலம் உண்டாகிறது. ஆக, வண்டி மட்டுமல்ல, படம் எடுக்கப்பட்ட தெருவும் மராத்தி நாடுதான் என்று தீர்ந்தது.

மராத்தி நாட்டில் எந்தச் சிறு கார்? சஞ்சய் காந்தியின் மாருதி மாதிரி வண்டியும் ஒரு சமயம் அங்கே, அகமத்நகரிலுள்ள ராணுவ வாகன ஆராய்ச்சி ஸ்தாபனத்துக்குப் பரீட்சைக்காகப் போயிருக்கிறது. எனினும் அது குர்காவ்ன் வண்டி, எழுபதுகளைச் சேர்ந்தது, மகாராஷ்டிரத்துப் பதிவெண் அதற்கு வரக் காரணமில்லை. எஞ்சி நிற்பது ஒன்றே: இச்சல்கரஞ்சி சங்கர்ராவ் குல்கர்ணியின் 'மீரா'.

கோலாப்பூருக்கு அருகே விசைத்தறிகளின் ஓசை ஓயாத ஊர் இச்சல்கரஞ்சி. அவ்வூரில், ஏழாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவர் என்று சொல்லப்படும் குல்கர்ணி, 1949-இல் இருவர் அமரும் சிறு கார் ஒன்றைத் தம் கைப்படச் செய்தார். செய்ததோடு விடவில்லை, கால் நூற்றாண்டுக்காலம் அதையே திருத்தித் திருத்தி வெவ்வேறு உருவங்களில் சமைத்துக்கொண்டிருந்தார். இயந்திரம் பின்புறம், இரும்புப் பட்டைகளையும் சுருள்களையும் நீக்கிவிட்டு, நான்கு சக்கரங்களையும் தனித்தனியே ரப்பரைக் கொண்டே தாங்கவைத்த அமைப்பு. உதிரிப் பாகம் ஒன்று குறைந்தால் விலையிலும் ஒன்று குறையும் என்ற சிக்கனமான புத்தி அதிலே தெரிகிறது. எழுபதுகளின் நடுவில் கடைசி மாதிரிக்கு அவர் கணக்கிட்ட விலை சுமார் 12,000 ரூபாய். மீராவைப் பற்றிச் சொல்கிறவர்கள் அதனோடு சேர்த்துச் சொல்லும் பதிவெண் எம்.எச்.கே. 1906. சிறுவனின் காலுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவை பூஜ்யமும் ஆறுமாகத்தான் இருக்கவேண்டும்.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. அந்த எண்ணை 1949-ஆம் வருஷத்து முதல் வண்டிக்கே உரியதாகச் சொல்வது வழக்கம். ஆனால் 1949-இல் மகாராஷ்டிரம் என்றொரு ராஜ்யம் ஏது? கோலாப்பூர் சமஸ்தானம் பம்பாய் மாகாணத்தோடு இணைந்ததே அவ்வாண்டு மார்ச் மாதத்தில்தான். பம்பாய் வண்டிகள் பி.எம். என்ற எழுத்துகளையே தரித்திருந்தன. மகாராஷ்டிரம் பிறந்தது 1960 மே முதல் தேதி. ஆகவே பழைய வண்டிக்குப் பிற்காலத்தில் புதுப் பதிவு செய்திருக்கவேண்டும், அல்லது எண்ணுக்குரியது குல்கர்ணியின் பிற்கால வண்டிகளில் ஒன்றாக இருக்கவேண்டும். நான் பின்னதன் பக்கமே சாய்கிறேன். எப்படியாயினும், இந்தப் படம் 1960-க்கு முற்பட்டதாக இருக்க இயலாது.

அந்தக் காலத்தில் சிறு கார் என்பது தில்லியில் கமிட்டிகளுக்குத் தீராத உணவாக இருந்தது. 1959-இல் எல்.கே. ஜா தலைமையில் ஒரு குழு, அதைத் தொடர்ந்து பாண்டே குழு. காகிதங்கள் பெருகின, கார் வரவில்லை. 1970-இல் சஞ்சய் காந்திக்கு ஆண்டுக்கு 50,000 வண்டிகள் செய்ய அனுமதிக் கடிதம் கிடைத்தது; அவருடைய கம்பெனி 1978-இல் மூடப்பட்டது. கடைசியில் 1983 டிசம்பர் 14-இல் முதன்முதலாக ஒருவர் கைக்குச் சாவி போய்ச் சேர்ந்த மாருதி, ஜப்பான் தேசத்து சுஸுகியின் 796 சி.சி. வண்டி. குல்கர்ணியின் கோப்பு இவற்றில் எந்த மேஜைக்கு அடியிலும் இடம்பெற்றதாகத் தோன்றவில்லை.

சோமனூர்க்காரருக்குத் தொலைபேசியில் இவ்வளவையும் சொன்னேன். அவருக்கு ஏமாற்றம். "எங்கய்யன் அந்தப் பக்கம் போனதே இல்லீங்களே" என்றார். தறி வேலை செய்தவர், தறிகளுக்குப் பேர்போன ஊருக்கு ஒரு தடவையாவது போயிருக்கமாட்டாரா என்று கேட்டேன். அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகக் கூறி வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார். தொண்ணூறைத் தொடும் அந்த அம்மாளுக்கு ஊரின் பெயர் நினைவில்லை, காரையும் தெரியாது. முதலாளியோடு பழைய தறி பார்த்துவர வடக்கே ரயிலேறிப் போனார் என்பது மட்டும் நினைவிருக்கிறதாம். எந்த வருஷம் என்று மகன் நச்சரித்ததற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எனக்கு ஒப்பித்தார்: "உன்ற தங்கச்சி வயித்துல இருந்தாளே, அப்பத்தான். உங்கய்யன் கோலாப்பூர்ச் செருப்பு ஒண்ணு வாங்கியாந்தாரு. கடிச்சுப்போட்டுதுன்னு மாமனுக்குக் குடுத்துட்டாரு."

தங்கை பிறந்தது 1964 தை மாதம்.