காற்றாலை மின்சாரம் (வாகன உற்பத்தியில்)

காற்றாலை மின்சாரம், வாகன ஆலைகள் தம் கரி உமிழ்வைக் குறைக்கக் கையாளும் வழிகளுள் ஒன்று. தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற களங்களுள் முதன்மையானது, தோவாளை வட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாய். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இம்மலை இடைவெளியில் நெருக்குண்டு விசையேறுகிறது. இங்குள்ள முப்பந்தல் காற்றாலைத் தொகுதியின் நிறுவுதிறன் சுமார் 1,500 மெகாவாட்.

முறை: ஆலை காற்றாலைக்கு அருகில் இருக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் மின்தொகுப்பில் செலுத்தப்படும் யூனிட்டுகள், கட்டணம் பெற்றுக்கொண்டு, தொலைவிலுள்ள ஆலையின் கணக்கில் கழிக்கப்படும். மின்சாரச் சட்டம் 2003, மின்சார விதிகள் 2005 ஆகியவற்றின்படி, சொந்தப் பயன்பாட்டு மின்நிலையமாகக் கருதப்பட, நுகர்வோர் குறைந்தது 26 விழுக்காடு உரிமைப் பங்கு கொண்டு, ஆண்டு உற்பத்தியில் 51 விழுக்காட்டையேனும் பயன்படுத்த வேண்டும்.

எடுத்துக்காட்டு: இருங்காட்டுக்கோட்டையில் ஆலை நடத்தும் ஹூண்டாய், 75 மெகாவாட் சூரிய ஒளி, 43 மெகாவாட் காற்றாலைத் திட்டங்களைத் தமிழ்நாட்டில் அமைக்க 2024இல் ஒப்பந்தம் செய்தது.

வரம்பு: பருவம் முடிந்தால் காற்று தளரும், ஆலையோ ஆண்டு முழுவதும் ஓடும். அதனால் சூரிய மின்சாரமும் சேமிப்பு மின்கலங்களும் துணையாகத் தேவைப்படுகின்றன. எஃகு, அலுமினியம் போன்ற மூலப்பொருள்களின் உற்பத்தியில் எழும் உமிழ்வை இம்முறை குறைப்பதில்லை.