தாண்டிக்குடிக் கல்வீடு பிறந்த கதை

கோடை மழை பெய்து ஒரு வாரம் கழித்துப் போனால், காப்பிப் பூ வாசம் பெரும்பாறையிலேயே வந்து பிடித்துக்கொள்ளும். வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு வழியாக ஏறுகிற பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் பாக்கியவான்கள். கீழே வெயில் கொளுத்தும். மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்து, மிளகுக்கொடி ஏறிய மரங்களும் மலைவாழையும் இருபுறமும் சூழ்ந்துகொள்ளும்.

தாண்டிக்குடி என்ற பெயருக்கு ஊரார் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்தான். தாண்டிக்குதி என்பதே தாண்டிக்குடி ஆயிற்று. மலை மேல் பாலமுருகன் கோயில் இருக்கிறது. வருகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டு, மிளகும் காப்பித் தூளும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நான் போனது, அந்தக் கோயிலுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே இந்த மலையில் எழும்பிய ஒரு வீட்டைப் பார்ப்பதற்காக.

தோட்டத்துக்குள் கூட்டிப்போன பெரியவர், பாறைத் திட்டு ஒன்றின் மேல் நின்று கை காட்டினார். "பாண்டவங்க வனவாசம் வந்தப்ப இருந்த வீடு தம்பி. குனிஞ்சு பாருங்க, தலை இடிச்சுக்கப் போகுது" என்றார். மூன்று பக்கம் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு கல் மூடி, ஒரு பக்கம் திறந்த சின்ன அறை. இடுப்பளவு உயரம்கூட இல்லை. வெளிச்சுற்றில் சரிந்து கிடக்கும் கற்கள், ஒரு காலத்தில் அதைச் சுற்றி எழுப்பிய அடைப்பின் மிச்சம். கல்லின் மேல் சாம்பலும் ஆரஞ்சுமாகப் பாசி படர்ந்திருந்தது. உள்ளே உதிர்ந்த இலை, ஒரு சிலந்தி வலை, ஈர மண்.

பெருங்கற்காலத்தில் இறந்தவர்களுக்காக எழுப்பிய இந்த மாதிரிக் கல்வீட்டுக்குத் தமிழில் கல்திட்டை என்று பெயர். மண்ணுக்குள் பதித்துக் கட்டினால் அது கற்பதுக்கை. பதுக்கை என்ற சொல் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. ஊர்ப்பக்கம் சிலர் பாண்டவர் வீடு என்பார்கள், சிலர் குள்ளர் வீடு என்பார்கள். கல்லின் கனத்தைப் பார்த்தவர்கள் பீமனை நினைத்தார்கள். அறையின் சிறுமையைப் பார்த்தவர்கள் குள்ளர்களை நினைத்தார்கள். இரண்டும் ஒரே கேள்விக்கான பதில்கள்தாம்: இதை யார் கட்டியிருக்க முடியும்?

கல் எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். இந்த மலையின் பாறை பகலில் சூடேறி இரவில் குளிர்ந்து, பல்லாயிரம் ஆண்டுகளில் வெங்காயச் சருகுபோல ஏடு ஏடாக விட்டுக்கொடுக்கும். அந்த விரிசலைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. தானாகப் பிரியாத இடத்தில் தீ உதவும். பாறை மேல் விறகை வரிசையாக அடுக்கி எரித்து, அந்த நெருப்பை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் அடியில் இருக்கும் பாறையிலிருந்து மேலேடு பிரிந்து வரும். பெங்களூருப் பக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்கூடக் கல் வேலைக்காரர்கள் இப்படித்தான் பெரிய பெரிய பலகைகளை எடுத்தார்கள். தாண்டிக்குடியில் அன்று எந்த வழியைக் கையாண்டார்கள் என்று கல் சொல்லாது. ஆனால் இந்தப் பலகைகளில் உளியின் நேர்த்தி இல்லை. பாறை கொடுத்த வடிவத்தை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது தூக்குவது. மூடுகல்லை நான் முழம் போட்டு அளந்தேன். நீளம் சுமார் 2 மீட்டர், அகலம் ஒன்றரை, கனம் ஒரு சாண் இருக்காது, 15 சென்டிமீட்டர் என்று வையுங்கள். இந்த மாதிரிப் பாறை தண்ணீரைப் போல 2.7 மடங்கு கனம். கணக்குப் போட்டால் 1,200 கிலோ வருகிறது. ஆளுக்கு 40 கிலோ என்றால் முப்பது தோள். மரக்கட்டைகளை உருளையாகப் போட்டு, மண்ணைச் சரிவாகக் குவித்து இழுத்தால் ஆள் குறையும், நாள் கூடும். இந்தோனேசியாவின் சும்பா தீவில் இப்படிக் கூட்டமாகக் கல் இழுத்துச் சமாதி எழுப்பும் வழக்கம் நம் காலம்வரை வந்திருக்கிறது.

எனக்கு அந்தக் கணக்கில்தான் மனம் நின்றுவிட்டது. முப்பது தோள் வேண்டும் என்றால், வேலையை விட்டு வரத் தயாராக முப்பது பேர் வேண்டும். அவர்களுக்கு அன்றைக்குச் சோறு போடத் தானியம் மிச்சம் இருக்க வேண்டும். எங்கே நிறுத்துவது, எந்தக் கல்லை முதலில் வைப்பது என்று சொல்ல ஒருவர் வேண்டும், அவர் பேச்சை மற்றவர்கள் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இறந்தவருக்கு இத்தனையும் செய்யத்தான் வேண்டும் என்று எல்லோரும் நினைக்க வேண்டும். கல்திட்டை உண்மையில் பிறந்தது அங்கேதான். பீமன் தேவைப்படவில்லை. ஓர் ஊர் தேவைப்பட்டது.

பதுக்கையின் கட்டுமானத்தில், கட்டியவர்களின் அறிவு இன்னும் தெளிவாகத் தெரியும். நான்கு பலகைகளையும் சும்மா பெட்டிபோல நிறுத்தமாட்டார்கள். ஒவ்வொரு கல்லின் ஓரமும் அடுத்த கல்லைத் தாண்டி நீளும்படி, ஸ்வஸ்திக் வடிவில் மாற்றி மாற்றி நிறுத்துவார்கள். வெளியிலிருந்து மண் நெருக்க நெருக்கக் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு இல்லை, ஆணி இல்லை. பல பதுக்கைகளில் ஒரு பலகையில் வட்டமாக ஓர் இடுதுளை இருக்கும். இறந்தவரோடு உறவை அடைத்துவிட மனம் வராமல் விட்ட வாசல் அது என்றே நான் எண்ணுகிறேன்.

பழனி மலையின் கல்வீடுகள் புத்தகத்தில் ஏறியது 1928-ல். செண்பகனூரில் இருந்த பிரெஞ்சு ஏசுசபைத் துறவி ஆங்லேட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து மலைமுழுக்கச் சுற்றி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. கொடைக்கானல் போகிறவர்கள் செண்பகனூர் அருங்காட்சியகத்தை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தாண்டிக்குடியின் ஈமச்சின்னங்களை அகழ்ந்து ஆராய்ந்தார்கள். பிறகு அதே ராஜன் 2009-லும் 2010-லும் மலையடிவாரத்துப் பொருந்தலில் தோண்டினார். அங்கே ஒரு கல்லறைக்குள் நான்கு கால் சாடி ஒன்றில் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. கூடவே தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனையும் கிடைத்தது. நெல்லை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பியதில் கி.மு. 490 என்று காலம் வந்தது. செத்தவருக்கு வழிச்சோறாக வைத்த நெல், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு கழித்து நமக்கு நாள் சொன்னது.

கல்வீடு கட்டியவர்கள் உலகம் தெரியாமல் மலையில் ஒதுங்கிக் கிடந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெருங்கற்கால வழக்கம் தமிழகத்தில் முற்றாக மறையும் முன்பே யவனர் கப்பல் முசிறித் துறைமுகத்துக்கு வரத் தொடங்கிவிட்டது. பழனிக்குப் பக்கத்தில் கலையமுத்தூரில் 1856-ல் ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. இந்தியச் சரக்குக்காக ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் வெளியே போகிறது என்று ரோமானிய அறிஞர் பிளினி குறைபட்டு எழுதினார். ஒரு ராத்தல் கருமிளகின் விலை 4 தினாரி என்றும் குறித்துவைத்தார். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில், ரோம் நகரத்தின் நடுவில் பேரரசன் டொமிஷியன் மிளகுக்கென்றே ஒரு கிடங்கு கட்டினான். அதன் இடிபாட்டை இன்று தோண்டி எடுத்துக் காக்கிறார்கள். நம் பக்கத்து மலைகளில் விளைந்த சரக்கை வைத்திருந்த கட்டடத்துக்கு அங்கே அத்தனை மரியாதை.

இங்கே, தாண்டிக்குடியில், மிளகுக்கொடியின் நிழலிலேயே அதைவிட மூத்த கட்டடம் நிற்கிறது. சுற்றி வேலி இல்லை. பெரியவர் காட்டிய திட்டில் நான்கைந்து வீடு இருந்ததற்கான அடையாளம் தெரிந்தது. முழுதாக நிற்பது ஒன்று. மற்றவற்றின் பலகைகள் எங்கே என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கீழே பார்த்தார். ஓடைக்குக் குறுக்கே நடக்கப் போட்ட கல், துணி துவைக்கும் கல், வாசல் படி. புதையல் இருக்கும் என்று இரவில் தோண்டிப்போனவர்களும் உண்டாம். உடைந்த கறுப்பு சிவப்புப் பானை ஓட்டைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. ஆனால் மண்ணடுக்கைக் கலைத்துவிட்டால் அந்த ஓடும் பேசாது. நெல்மணியும் நாள் சொல்லாது.

தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கும் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாகக் குழி எடுக்கும்போது பலகைக்கல்லோ பானையோ தட்டுப்பட்டால் மண்வெட்டியை அங்கேயே நிறுத்துங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. கல்வீட்டின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். முப்பது பேர் சேர்ந்து தூக்கி வைத்த கல் அது.