மியூச்சுவல் ஃபண்டுக் கட்டணமும் சிறு முதலீட்டாளரும்

இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டிருக்கும் ஒவ்வொருவரும் அந்த ஃபண்டை நடத்தும் நிறுவனத்துக்கு ஆண்டு முழுவதும் கட்டணம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அதற்கு ரசீது வராது. வங்கிக் கணக்கிலும் பற்று விழாது. ஃபண்டின் மொத்தச் சொத்திலிருந்து அன்றன்றைக்கு உரிய பங்கைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை வைத்தே யூனிட்டின் மதிப்பான என்ஏவியைக் கணக்கிடுகிறார்கள். நிர்வாகக் கட்டணம், முகவர் கமிஷன், பதிவாளர் செலவு, விளம்பரம் எல்லாம் சேர்ந்த இந்தத் தொகை, சொத்தில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்பதே செலவு விகிதம்.

கண்ணில் படாமல் போவதால் அதன் கனமும் உறைப்பதில்லை. 10 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் 25 ஆண்டில் 1 கோடியே 70 லட்சம் ஆகும். அதிலிருந்து ஆண்டுக்கு ஒரே ஒரு சதவீதம் கட்டணமாகப் போய் 11 சதவீதம் மட்டும் கைக்கு வந்தால், தேறுவது 1 கோடியே 36 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. இடைவெளி ஏறத்தாழ 34 லட்சம், அதாவது போட்ட முதலைப் போல மூன்று மடங்குக்கு மேல். சந்தை அடுத்த ஆண்டு ஏறுமா இறங்குமா என்பதை யாராலும் சொல்ல முடியாது. கட்டணம் மட்டும் முன்கூட்டியே தெரியும். முதலீட்டாளர் கல்வி இந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதன் பின்னாலுள்ள கணக்கை அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் ஷார்ப் 1991-இல் ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் நோபல் பரிசு பெற்றிருந்தார். பங்குகளைத் தேர்ந்தெடுத்து வாங்கி விற்கும் மேலாளர்கள் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டினால், கட்டணத்துக்கு முன் அவர்கள் ஈட்டுவது சந்தையின் சராசரியையே. ஒருவர் கூடுதலாக ஈட்டுவது இன்னொருவர் இழந்ததிலிருந்து வருகிறது. ஆகவே கட்டணத்தைக் கழித்த பின் அவர்களின் சராசரி சந்தைக்குக் கீழேதான் நிற்கும். இதே எண்ணத்தை ஜான் போகல் 1976-லேயே வியாபாரமாக்கியிருந்தார். அவர் நிறுவிய வேன்கார்டு, குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்டைப் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தது. 15 கோடி டாலர் திரட்ட நினைத்த வெளியீட்டில் சேர்ந்தது 1 கோடியே 13 லட்சம் டாலர்தான். அப்போது கேலிக்கு உள்ளான அந்த ஃபண்டு பின்னாளில் உலகின் மிகப்பெரிய ஃபண்டுகளில் ஒன்றாக வளர்ந்தது.

இந்தியாவில் கதை வேறு வழியில் போனது. நாடாளுமன்றம் 1963-இல் நிறைவேற்றிய சட்டத்தால் உருவான யூனிட் டிரஸ்ட் (யூடிஐ), 1964-இல் யூஎஸ்-64 திட்டத்தைத் தொடங்கியது. அதன் விற்பனை விலையையும் திரும்ப வாங்கும் விலையையும் நிர்வாகமே நிர்ணயித்தது; என்ஏவியை வெளியிடவில்லை. உள்ளே சொத்தின் உண்மை மதிப்பு என்ன என்று தெரியாமலேயே சுமார் 2 கோடிப் பேர் சேமித்தார்கள். 2001 ஜூலையில் யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவது நிறுத்தப்பட்டபோது ஓய்வுபெற்றவர்களும் மாதச் சம்பளக்காரர்களும் திகைத்துப்போனார்கள். கடைசியில் என்ஏவி வெளியானபோது அது 10 ரூபாய் முகமதிப்புக்கும் கீழே இருந்தது. எண்கள் மறைக்கப்பட்டால் சிறு முதலீட்டாளர் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இந்த நாட்டில் இல்லை.

தனியார் துறையின் முதல் மியூச்சுவல் ஃபண்டான கோத்தாரி பயனீர் 1993-இல் சென்னையிலிருந்து புறப்பட்டது. சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விரிவான விதிகள் 1996-இல் வந்தன. ஆனாலும் விற்பவருக்கான கமிஷன் முதலீட்டாளரின் பணத்திலிருந்தே முதல் நாளில் பிடிக்கப்பட்டுவந்தது. பங்கு ஃபண்டுகளில் நுழைவுக் கட்டணம் பொதுவாக 2.25 சதவீதம். 10,000 ரூபாய் கொடுத்தால் 9,775 ரூபாய்க்குத்தான் முதலீடு. 2009 ஆகஸ்ட் 1 முதல் செபி இதை ஒழித்தது. 2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் முகவர் இல்லாமல் சேரும் டைரக்ட் பிளான் கட்டாயமானது. பங்குகளும் மேலாளரும் மாறவில்லை. கமிஷன் மட்டும் நீங்கியது. ஒரே மதிப்பில் தொடங்கிய டைரக்ட் என்ஏவியும் முகவர் வழியான ரெகுலர் என்ஏவியும் ஆண்டுக்கு ஆண்டு விலகிப்போவதை இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கமிஷன் என்னும் செலவை முதன்முறையாக வெட்டவெளிச்சமாக்கியது இந்த மாற்றம்தான். பல பங்கு ஃபண்டுகளில் இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசம் ஆண்டுக்கு அரை சதவீதத்துக்கும் ஒன்றரை சதவீதத்துக்கும் இடையில் அமைகிறது.

2018 அக்டோபரில் முன்கூட்டியே மொத்தமாகக் கமிஷன் கொடுப்பதற்கும் தடை வந்தது. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உச்சவரம்பு, ஃபண்டு பெருக்கப் பெருக்கக் கட்டணம் குறைய வேண்டும் என்றது. பங்கு ஃபண்டின் முதல் 500 கோடிக்கு 2.25 சதவீதம், அடுத்த 250 கோடிக்கு 2, அடுத்த 1,250 கோடிக்கு 1.75, அடுத்த 3,000 கோடிக்கு 1.60, அடுத்த 5,000 கோடிக்கு 1.50 சதவீதம். கூட்டிப் பார்த்தால் 10,000 கோடி ரூபாய் ஃபண்டு ஒன்று ஆண்டுக்குச் சுமார் 161 கோடி வரை எடுத்துக்கொள்ள முடிந்தது, ஜிஎஸ்டி தனி. குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு அந்த விதியில் வரம்பு 1 சதவீதமாக இருந்தது. ஆனால் பெரிய நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுகளின் டைரக்ட் பிளானில் அதில் ஒரு சிறு பங்கே வசூலாகிறது.

முதலீட்டாளர் கல்விக்கென்றே சொத்தில் 0.02 சதவீதத்தை ஒதுக்க வேண்டும் என்றும் விதி உண்டு. 2023 டிசம்பரில் இத்துறையின் மொத்தச் சொத்து 50 லட்சம் கோடியைத் தாண்டியது. அதற்கு 0.02 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1,000 கோடி ரூபாய், அதுவும் முதலீட்டாளர் பணமே. 2017-இல் தொடங்கிய ‘மியூச்சுவல் ஃபண்ட்ஸ் சஹி ஹை’ விளம்பரம் லட்சக்கணக்கானோரை உள்ளே அழைத்துவந்தது. வந்தவர்களுக்குச் செலவு விகிதத்தைப் படிக்கக் கற்றுத்தரும் வேலை அதே வேகத்தில் நடந்திருக்க வேண்டும்.

கட்டணத்தை அடுத்து வருமானம். 1994 ஜனவரியில் மார்கன் ஸ்டான்லி குரோத் ஃபண்டு வெளியானபோது விண்ணப்பப் படிவத்துக்கே மக்கள் வரிசையில் நின்றார்கள். பெயரின் மீதிருந்த நம்பிக்கையில் ஏறக்குறைய 1,000 கோடி ரூபாய் சேர்ந்தது. 10 ரூபாய்க்கு விற்ற யூனிட், சந்தையில் பல ஆண்டுகள் அந்த விலைக்குக் கீழேயே கைமாறியது. பின்னர் 2005-ஐ ஒட்டிய புதிய ஃபண்டு வெளியீடுகளின் அலையில் இன்னொரு மயக்கம் பரவியது: என்ஏவி 10 ரூபாய் என்றால் மலிவு, 100 ரூபாய் என்றால் விலை அதிகம் என்பது. உள்ளிருக்கும் பங்குகள் ஒன்றே என்றால் இரண்டும் அதே சதவீதம்தான் வளரும். யூனிட் எண்ணிக்கை மட்டுமே மாறும்.

வருமான எண்ணைப் படிப்பதில் இன்னும் சில கண்ணிகள் உண்டு. ஒரு ஆண்டு 100 சதவீதம் ஏறி மறு ஆண்டு 50 சதவீதம் இறங்கினால், சராசரி 25 சதவீதம் என்று சொல்லிவிடலாம். கையில் இருப்பதோ போட்ட பணம் மட்டுமே. அதனால் கூட்டு வளர்ச்சி விகிதத்தையே கேட்க வேண்டும். எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்பதும் முக்கியம். 2018 பிப்ரவரிக்கு முன்பு ஃபண்டுகள் டிவிடெண்டைச் சேர்க்காத குறியீட்டோடு தங்களை ஒப்பிட்டுக்கொள்ள முடிந்தது. தாங்கள் வாங்கிய டிவிடெண்டு தங்கள் கணக்கில் இருக்கும், எதிராளியின் கணக்கில் இருக்காது. டிவிடெண்டையும் சேர்த்த குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்று செபி கட்டாயமாக்கிய பிறகு, பல ஃபண்டுகளின் ‘கூடுதல் வருமானம்’ சுருங்கியது.

ஃபண்டு ஈட்டியதும் அதை வைத்திருப்பவர் ஈட்டியதும் ஒன்றல்ல. 2020 ஜனவரியில் 12,000-ஐத் தாண்டியிருந்த நிஃப்டி, மார்ச் இறுதியில் 7,600-ஐ ஒட்டி விழுந்து, நவம்பருக்குள் பழைய உச்சத்தைக் கடந்தது. அந்த மார்ச்சில் விற்றுவிட்டு வெளியேறியவருக்கு, ஃபண்டு அறிக்கையில் அழகாகத் தெரியும் ஐந்தாண்டு வருமானம் கிடைத்திருக்காது. போட்ட தேதிகளையும் எடுத்த தேதிகளையும் வைத்து எக்ஸ்ஐஆர்ஆர் கணக்கிட்டுப் பார்த்தால்தான் தன் வருமானம் தெரியும். எக்செல் தாளில் ஒரே ஒரு சூத்திரம் போதும்.

சொந்தமாக நிர்வகிக்க நினைப்பவருக்குப் பத்துப் பதினைந்து ஃபண்டுகள் தேவையில்லை. 2017 அக்டோபரில் செபி வகுத்த பிரிவுகளின்படி லார்ஜ் கேப் என்பது சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள். நான்கு லார்ஜ் கேப் ஃபண்டு வாங்கினால் பெரும்பாலும் அதே வங்கிகளும் அதே மென்பொருள் நிறுவனங்களும்தான் நான்கு முறை வந்து சேரும், நான்கு கட்டணங்களோடு. ஓர் இண்டெக்ஸ் ஃபண்டு அந்த வேலையைச் செய்துவிடும். யூடிஐ 2000-இல் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டைத் தொடங்கியது. பங்கைப் போலவே சந்தையில் கைமாறும் ஃபண்டான (இடிஎஃப்) நிஃப்டி பீஸ் 2002-இல் பட்டியலானது. 2015 முதல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியே இடிஎஃப் வழியாகப் பங்குச் சந்தைக்கு வந்துவிட்டது.

பங்குக்கு எவ்வளவு, கடன் பத்திரத்துக்கு எவ்வளவு என்ற விகிதமே மிகப் பெரிய முடிவு. ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சரிபார்த்து, வீங்கிய பக்கத்தைக் குறைத்து மெலிந்த பக்கத்தில் சேர்த்தால் போதும். கடன் ஃபண்டு என்பதாலேயே பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை மூடியபோது 25,000 கோடி ரூபாய்க்கு மேல் முடங்கியது. கூடுதல் வட்டிக்காகத் தரம் குறைந்த பத்திரங்களில் போட்டிருந்தது அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது.

முகவர் தேவையே இல்லை என்பதல்ல. சந்தை சரியும் நாளில் விற்காமல் பிடித்துவைப்பவர், நாமினி விவரத்தை நினைவூட்டுபவர், குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் யூனிட்டுகளை மாற்றித் தருபவர் வாங்கும் கமிஷனுக்கு உழைக்கிறார். 2013-இல் உருவான செபி பதிவு பெற்ற ஆலோசகர் முறையில் கமிஷனுக்குப் பதிலாக நேரடிக் கட்டணம் கொடுத்தும் ஆலோசனை பெறலாம். எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் விஷயம். அதற்கு வழியும் இருக்கிறது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில், முகவருக்குக் கொடுத்த கமிஷன் ரூபாயிலேயே அச்சாகிறது. பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை.

ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாற முடிவெடுத்தவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே ஃபண்டுக்குள் மாறினாலும் வரிச் சட்டத்தில் அது விற்பனையே. பங்கு ஃபண்டில் ஓராண்டு ஆகாத யூனிட்டுக்குப் பெரும்பாலும் 1 சதவீத வெளியேறும் கட்டணமும், லாபத்தில் 20 சதவீத வரியும் விழும். ஓராண்டு கடந்தால், 2024 ஜூலை 23 முதல், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். ஆகவே தவணை முதலீடான எஸ்ஐபியைப் புதிதாக முதலில் டைரக்டில் தொடங்கிவிட்டு, பழைய யூனிட்டுகளை ஒவ்வொரு நிதியாண்டிலும் அந்த 1.25 லட்ச வரம்புக்குள் லாபம் அடங்கும்படி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது வரியை மிச்சப்படுத்தும்.