2147483647 வந்த வழி

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. 31 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும்.

இது பகா எண் என்று முதலில் சொன்னவர் இத்தாலியரான கத்தால்டி. 1603இல் அவர் நூல் வெளிவந்தது. அதே மூச்சில் 23, 29, 37 இரண்டுகளுக்கும் அப்படியே என்றார், மூன்றும் பிழை. 1644இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் தந்த பட்டியலிலும் இது இடம்பெற்றது. அதிலும் 67, 257 இரண்டும் தப்பு. ஆக, நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் இந்த எண்ணுக்குச் சொல் இருந்தது, சாட்சி இல்லை.

சாட்சி சொன்னவர் கணிதவியலாளர் ஆய்லர். 1771இல் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பின் பார்வை ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. மறு ஆண்டே, பெர்னூலி குடும்பத்தவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பகா எண் என்று நிறுவினார். இதன் வர்க்கமூலம் 46,340க்குச் சற்று மேல். அதுவரையுள்ள பகா எண்கள் நாலாயிரத்துக்கும் அதிகம். ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பது யாருக்கும் அலுக்கும். வகுத்தி ஒன்று இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்கும் என்று ஆய்லர் கண்டுகொண்டார். அந்த வடிவில் சோதிக்க வேண்டியவை 372 எண்களே. அவற்றிலும் பகா எண் அல்லாதவற்றைத் தள்ளிவிடலாம். எதுவும் வகுக்கவில்லை. எனக்கு இந்த எண்ணின் வாழ்க்கையிலேயே அழகான கட்டம் இதுதான். விடையைவிட, எதையெல்லாம் சோதிக்க வேண்டாம் என்று தெரிந்துகொண்டது பெரிய காரியம்.

இதை 30 இரண்டுகளின் பெருக்கலோடு பெருக்கினால் ஒரு செவ்விய எண் வரும்: தன் வகுத்திகளில் தன்னை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் தானே வரும் எண். 1811இல் ஆங்கிலேயர் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை யாரும் இனிக் கண்டுபிடிக்கப்போவதில்லை, பயனில்லாத ஒன்றை யார் தேடுவார் என்று எழுதிவைத்தார். 1876இலேயே பிரெஞ்சுக்காரர் லூக்கா 39 இலக்கப் பகா எண்ணொன்றை நிறுவி, பார்லோ சொன்னதைவிடப் பெரிய செவ்விய எண்ணுக்கு வழி செய்துவிட்டார்.

பிறகு கணினி வந்தது. குறியுடன் 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய முழு எண் இதுதான். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை அப்படி எண்ணிவரும் பழைய நிரல்களுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07 கடைசி நொடி. அடுத்த நொடியில் அவை 1901 டிசம்பருக்குப் போய்விடும். இதில் பகா எண் என்ற பெருமைக்கு வேலையே இல்லை, அளவுக்குத்தான்.

பகாத்தன்மைக்கும் வேலை கிடைத்தது. 1969இல் ஐ.பி.எம். 360 கணினிக்காக ஒரு சமவாய்ப்பு எண் முறை வகுத்தார்கள்: கையிலுள்ள எண்ணை 16807ஆல் பெருக்கு, 2147483647ஆல் வகு, மீதியை எடு. 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களையும் தொட்ட பிறகே அது தொடங்கிய இடத்துக்கு வரும். வகுக்கும் எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் இது நடக்காது. பல ஆண்டுகள் உழைத்த அந்த முறை, கணினி வேகம் கூடியபின் போதவில்லை. 1997இல் ஜப்பானின் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் தங்கள் புதிய சமவாய்ப்பு எண் முறைக்கு, இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்து வரும் அதே மெர்சென் குடும்பத்திலிருந்து 6002 இலக்க எண்ணொன்றை எடுத்துக்கொண்டார்கள்.