நான்காம் ஆண்டைத் தாண்டியவர்கள்

1996இல் மலேசியக் கல்வி அமைச்சு பி.டி.எஸ். தேர்வைக் கொண்டுவந்தபோது, கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டில் அதில் தேறிய பிள்ளை, நான்கைத் தாண்டி நேரே ஐந்தாம் ஆண்டுக்குப் போக முடிந்தது.

எங்கள் பெற்றோருக்கு அது வெறும் சலுகையாகத் தெரியவில்லை. தமிழ்ப்பள்ளி முடித்தவர்களில் பலர், இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்தவர்கள். அந்த ஓராண்டை இழந்த தகப்பன்மார், பிள்ளையாவது ஓராண்டு முந்தட்டும் என்று துடித்தார்கள். ஒன்பது வயதில் மாலை டியூஷன், சனிக்கிழமையும் டியூஷன்.

அப்படித் தாண்டிய சிறுமி ஒருத்திக்குப் பின்னமும் தசமமும் சீக்கிரமே பிடிபட்டன. ஓய்வு நேரத்தில் மட்டும் பழைய தோழிகளைத் தேடி நான்காம் ஆண்டு வகுப்பு வாசலில் நிற்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஆழமான பாடம். கிடைத்தது வேறு வகுப்பறை. இதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

2000உடன் அந்தத் தேர்வு நின்றது. 2009இல் பாங்கி தேசியப் பல்கலைக்கழகத்தில் மீத்திறன் பிள்ளைகளுக்கான பெர்மாத்தா பிந்தார் விடுமுறை முகாம் தொடங்கியது; 2011இல் கல்லூரியும் வந்தது. முகாமுக்கான முதற்கட்டத் தேர்வு இணையம்வழி நடந்தது. ஆசிரியர் சொன்னால்தான் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ஓய்வு பெறும்வரை வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னேன்.