சுரைக்குடுக்கையும் பித்தளைக் குடமும்

ஒக்கூர் என்றால் படித்தவர்கள் மாசாத்தியாரைச் சொல்வார்கள். எனக்கு நினைவுக்கு வருவது எங்கள் சேரிக் கூரைமேல் படர்ந்து கிடந்த சுரைக்கொடி.

ஆடியில் கூரையோரம் குழி தோண்டி, எரு போட்டு விதை ஊன்றுவாள் அப்பத்தா. கறிக்குப் பிஞ்சிலேயே பறித்துவிடுவோம். குடுக்கைக்கென்று விட்ட காயை யாரும் தொடக் கூடாது. காம்பு சருகாகிறவரை கொடியிலேயே கிடக்கும். முற்றாமல் அறுத்தால் சுருங்கி அழுகிப்போகும். அறுத்ததை நிழலில் மாசக்கணக்கில் காயப்போடணும். மேலே பூசணம் பூக்கும், துடைத்தால் போதும். ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். அப்போது காம்புப் பக்கம் துளை போட்டு, தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, கூழாங்கல் போட்டுக் குலுக்கிச் சதையை வெளியேற்றுவாள். கசப்பு தீரும்வரை தண்ணீரை மாற்றணும். பிறகு அடுப்புக்கு மேலே உறியில் தொங்கும். ஒன்றில் விதைக் கேப்பை, ஒன்றில் உப்பு, இன்னொன்று காட்டு வேலைக்கு நீராகாரம் கொண்டுபோக. நாங்கள் கண்மாயில் நீச்சல் பழகியதும் குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டுதான்.

"ஏன் அப்பத்தா, அந்தக் காலத்துல நம்ம வீட்டுல ஒரு பித்தளச் செம்புகூட இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வச்சிருந்தா விட்டுருவாகளா? மண்சட்டியும் சொரக்குடுக்கையுந்தேன் நமக்கு."

அப்பத்தா சொன்னது வெறும் வறுமைக் கதை என்று நினைத்திருந்தேன். பின்னால் ஹட்டனின் புத்தகத்தைப் படித்தபோதுதான் புரிந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆணையர் அவர். சிவகங்கை அன்று ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985இல்தான் தனி மாவட்டமானது. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்மேல் கள்ளர்கள் எட்டுத் தடைகளை விதித்தார்கள் என்று எழுதுகிறார். பொன், வெள்ளி நகை கூடாது, சட்டை கூடாது, பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, குடை, செருப்பு கூடாது. அந்த எட்டில் ஒன்று, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது என்பது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

1931 ஜூனில் மேலும் பதினொன்று. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்கணும், செம்பு, பித்தளைக் குடம் கூடாது. சும்மாட்டுக்குக்கூட வைக்கோல்தான், துணி கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது. கல்யாணத்தில் மேளம் கூடாது. தலையில் குடம் வைக்கிற இடம்வரைக்கும் சாதி யோசித்திருக்கிறது.

அந்தப் பட்டியலில் சுரைக்குடுக்கை இல்லை. தடுக்க வேண்டிய மதிப்பு அதற்கு இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. அதே சுரைக்குடுக்கையை வீணையில் மாட்டினால் சாஸ்திரிய சங்கீதம். எங்கள் உறியில் தொங்கினால் சேரிச் சாமான்.

இன்றைக்குக் காய்ந்த சுரைக்காயில் வண்ணம் தீட்டி விளக்கு செய்து கைவினை என்று விற்கிறார்கள். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் பித்தளைச் சாமான்கள் அடுக்கியிருக்கின்றன. எங்கள் குடுக்கைகள் உடைந்து குப்பைக்குழியில் மக்கிப்போயின. பாண்டம் இல்லாத மக்களுக்கு வரலாறும் இல்லை என்று யாராவது சொன்னால், அந்தப் பாண்டம் ஏன் இல்லை என்றும் சேர்த்து எழுதணும்.

அந்தத் தொழில்நுட்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதை ஏக்கத்தோடு கொண்டாட என்னால் முடியாது. ஆட்டுக்குட்டி விற்ற காசில் அப்பத்தா முதல்முதலாக ஒரு பித்தளைக் குடம் வாங்கினாள். பழைய சேலையைக் கிழித்துச் சும்மாடு கட்டி, ஊர்த்தெரு வழியாகத்தான் தண்ணீர் கொண்டுவந்தாள். சேரிக்குக் குறுக்குப் பாதை இருந்தது.