மடை மாத்தின கதை

எங்க ஊரு திருவையாறு பக்கம். ராத்திரியோட ராத்திரியா யாராவது மடையை மாத்தி விட்டுட்டா, விடிஞ்சதும் மண்வெட்டியோட சண்டைதான். வாய்க்கால்ல தண்ணி ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், வரப்பும் உடைஞ்சிருக்காது. நம்ம வயலுக்கு மட்டும் வராது.

போன மாசம் சித்தப்பா மடிக்கணினியில பார்த்ததும் அதேதான். அரசாங்கத் தளத்துல காசில்லாம பார்க்கிற சிட்டாவுக்கு, தேடினப்ப முதல்ல வந்த ஏதோ ஒரு பக்கத்துல 300 ரூபாய் கட்டியிருக்கார். உலாவியைத் திறந்தா முகப்புப் பக்கம், தேடுபொறி ரெண்டுமே வேற! எப்பவோ ஒரு இலவச மென்பொருள் இறக்கினப்ப கூடவே ஒட்டிக்கிட்டு வந்த நீட்சி.

இந்த வேலை பழசுங்க. 1997ல இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 வந்தப்ப, வெளியார் எழுதுற நிரல்களும் உலாவிக்குள்ளயே ஓடுறதுக்கு மைக்ரோசாப்ட் வழி வெச்சது. நல்லதுக்குத்தான் வெச்சாங்க. ஆனா அந்த வழியாத்தான் டூல்பார் கூட்டமும் நுழைஞ்சது. 2003ல கூல்வெப்சர்ச்னு ஒன்னு முகப்புப் பக்கத்தையே பிடுங்கிக்கிச்சு. அதைத் துடைக்க நெதர்லாந்து மாணவர் மெரைன் பெல்லகோம் தனியா ஒரு நிரல் எழுதி இலவசமா கொடுத்தார்.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்? காசுதான். தேடுற ஆளை அனுப்பி வெச்சவருக்கு விளம்பர வருமானத்துல பங்கு உண்டு. அதனால இலவச மென்பொருளை நிறுவும்போது முன்கூட்டியே டிக் அடிச்ச ஒரு பெட்டி வரும். ஜாவாவோட வந்த ஆஸ்க் டூல்பாரை மறந்திருக்க மாட்டீங்க. 2011 டிசம்பர்ல, தன்னோட என்மேப் நிரல் கூட டவுன்லோட்.காம் டூல்பாரை ஒட்டிக் கொடுக்குதுன்னு கார்டன் லயன் பகிரங்கமா சண்டைக்குப் போனார்.

2014ல விண்டோஸ் குரோமுக்கு, தன் கடையில இருக்கிற நீட்சிகளை மட்டும்தான் போடலாம்னு கூகுள் கட்டுப்பாடு வெச்சது. அப்படியும் அடங்கலை. 2017 ஜூன்ல செக்பாயிண்ட் நிறுவனம் ஃபயர்பால் பத்தி அறிக்கை விட்டது. பெய்ஜிங்ல இருக்கிற ராஃபோடெக்கோட வேலைன்னு சொன்னாங்க. உலகத்துல 25 கோடி கணினி, அதுல இந்தியாவுல மட்டும் 2.53 கோடி, நாமதான் முதலிடம். (இந்தக் கணக்கு மிகைன்னு மைக்ரோசாப்ட் மறுத்தது.) அதோட போலித் தேடுபொறி நம்ம கேள்வியை வாங்கி யாஹூவுக்கோ கூகுளுக்கோ தள்ளி விட்டுடும். விடை வந்துடுதே, யாருக்குச் சந்தேகம் வரும்? அடுத்தவன் வயலை நனைச்சுட்டு வந்த தண்ணின்னு தெரியவா போகுது.

நீட்சியை நீக்கி, தேடுபொறியைப் பழையபடி மாத்திக் கொடுத்தேன். 300 ரூபாய் போனது போனதுதான். சித்தப்பா ஒன்னே ஒன்னு கேட்டார்: "நான் 'அடுத்து'தானேடா அமுக்கினேன். சம்மதம்னு எப்ப சொன்னேன்?"

இருபது வருஷத்துக்கு மேல இந்த வியாபாரம் ஓடினதே அந்த ஒரு 'அடுத்து'லதான். இந்த வாரம் உங்க வீட்டுப் பெரியவங்க உலாவியில நீட்சிப் பட்டியலை ஒருதரம் திறந்து பாருங்க மக்களே. என்ன சிக்குச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க :-)